புனிதாவின் எடை நோட்டும் ஒரு துண்டு நார்த்தங்காயும்

என் அக்கா வயிற்றில் பிறந்து என் தோளில் வளர்ந்த புனிதாவுக்கு,

மாமாதான் எழுதுகிறேன். எட்டாவதோடு நின்றவன் எழுத்து. கால் வர வேண்டிய இடத்தில் கொம்பு வரும், நீதான் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அந்த எட்டாவதிலேயே கட்டுரைப் போட்டியில் காரைக்கால் முழுவதற்கும் முதல் பரிசு வாங்கியவன் உன் மாமன் என்பதை இதைப் படிக்கிறவர்கள் தெரிந்துகொள்ளட்டும்.

சரி, சரி. எங்கள் பள்ளிக்கூடத்துக்கு மட்டும். மூன்றாம் பரிசு. ஒரு சோப்பு டப்பா கொடுத்தார்கள்.

நீ முறைப்பது தெரிகிறது. "மாமா சொல்றதை நாலால வகுத்துக்கணும்" என்று ஐந்தாவது படிக்கும்போதே வாய்பாடு கண்டுபிடித்தவள் அல்லவா நீ. மாங்கனித் திருவிழாவில் மாடியிலிருந்து வீசிய மாம்பழத்தில் பதினாறை ஒற்றைக் கையால் பிடித்தேன் என்று நான் சொல்ல, விரலை மடக்கிக் கணக்குப் போட்டாய். "அப்போ நாலு. அந்த நாலுலயும் ஒண்ணு கடையில வாங்கினது, அம்மா சொல்லிட்டாங்க." ஊரெல்லாம் சிரித்தது. அன்றிலிருந்து நம்ம ஊர் கோட்டுச்சேரியில் எனக்கு மதிப்பே கால் பங்காகிவிட்டது.

நாளை உனக்கு முதல் வருஷத் தெவசம். மஸ்கட்டிலிருந்து உன் தம்பி செந்தில் வந்திருக்கிறான். பேப்பரில் படம் போட்டு நாலு வரி போடலாம் என்றான். வேண்டாமடா, நான் எழுதுகிறேன், அச்சடித்து வருகிறவர்கள் கையில் கொடுப்போம், சாப்பாட்டுக்கு முன்னால் நானே நின்று படிக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்ட பிறகு நாலு காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

ஏனென்றால் உன் அம்மா என்னோடு பேசி இருபத்தொரு நாள் ஆகிறது. இந்தக் காகிதத்தில் என்ன எழுதுகிறேன் என்பதைப் பொறுத்துத்தான் அவள் இனிமேல் என்னைத் தம்பி என்று கூப்பிடுவதும் கூப்பிடாததும். அதனால் இன்றைக்கு ஜோடனை கம்மியாக இருக்கும். முழுசாக விட்டுவிடுவேன் என்று நினைக்காதே, அது ரத்தத்தில் வந்தது.

முதலில் ஊர்ச் செய்தி. கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸில் உன் மேசையில் இப்போது ஒரு புதுப் பெண் உட்கார்ந்து பிறப்புச் சான்றிதழ் எழுதுகிறாள். நல்ல பெண்தான். ஆனால் உன் கையெழுத்து வராது. பள்ளியில் சேர்க்க வயசு பத்தவில்லை, பிறந்த தேதியை ஒரு மாதம் முன்னால் தள்ளிப் போடும்மா என்று கேட்டு வருகிறவர்களை நீ எப்படி விரட்டுவாய்! எனக்குத் தெரிந்தவர் ஒருவருக்காக நானே சிபாரிசுக்கு வந்தேனே, அன்றைக்கு என்ன சொன்னாய்? "ஒரு மாசம் என்ன, ஒரு நாள்கூட முடியாது மாமா. நான் எழுதிட்டா அதுதான் அந்தப் புள்ளைக்கு ஆயுசுக்கும் நிஜம்." வெளியே வந்து அவரிடம், மருமகளுக்கு மேலிடத்துக் கண்டிப்பு என்று சமாளித்தேன்.

அந்த வார்த்தை எனக்கு அன்றைக்கே உறைத்திருக்க வேண்டும்.

இந்த வருஷம் அறுப்பு நேரத்தில் மழை. மண்டிக்கு வந்த நெல்லெல்லாம் ஈரம். எனக்கு வேலை அதிகம். முப்பது வருஷமாக நெல் எடை போடுகிறவன் நான். ஈர நெல் எடை காட்டும், காய்ந்தால் காட்டாது. அதனால் வாங்கும்போதே நெல்லையும் தண்ணீரையும் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். ஒரு நெல்லைப் பல்லில் வைத்துக் கடித்தால் போதும், 'டிக்' என்று உடைகிற சத்தத்திலேயே ஈரம் எவ்வளவு என்று சொல்லிவிடுவேன். முதலாளி ஈரப்பத மிஷினைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டார். இதை நீ வகுக்க வேண்டியதில்லை. மிஷின் பரணில் இருப்பது நிஜம். பேட்டரி தீர்ந்துபோனதும் நிஜம்.

உன் கதையை ஊருக்குத் தெரியும். ஆனால் அவர்களுக்குத் தெரிந்தது நான் சொன்ன கதை. உன்னிடம் உள்ள கதை வேறு. இன்றைக்கு அதைச் சொல்கிறேன்.

உனக்கு ரத்தத்தில் புற்று என்று வந்தது. முதலில் சிவப்பாக ஒரு மருந்து ஏற்றினார்கள். நோய் அடங்கியது. ஆனால் திரும்பி வரும், வேரோடு எடுக்க எலும்பு மஜ்ஜை மாற்ற வேண்டும் என்றார்கள். உன் அம்மா, செந்தில், நான் மூன்று பேருக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். பொருந்தியது செந்திலுக்கு. டீக்கடையில் நான் என் மஜ்ஜைதான் பொருந்தியது, மாமன் மஜ்ஜைக்கு ஈடு உண்டா என்று சொல்லிவைத்திருக்கிறேன். நாளை அந்த டீக்கடைக்காரரும் வருவார். செந்தில்தான் கொடுத்தான் ஐயா. நான் ஊசியைப் பார்த்ததும் தலை சுற்றிப் பெஞ்சில் படுத்துக்கொண்டவன்.

அந்த டாக்டரம்மா நம்மை உட்காரவைத்துச் சொன்னது நினைவிருக்கிறதா? புது மஜ்ஜை ஏறணும் என்றால் பழசை முழுசாக அழிக்க வேண்டும், அதற்குப் போடுகிற மருந்து ரொம்பக் கடுமை, சில பேருக்கு அது இருதயத்தைத் தொடும், முன்னால் போட்ட சிவப்பு மருந்தும் இருதயத்துக்குக் கெடுதல் செய்யக்கூடியதுதான், அதனால் எக்கோ எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் ஆரம்பிப்போம் என்றார். நான் நெஞ்சை நிமிர்த்தி, "எங்க வம்சத்துல இருதயத்துல செத்தவன்னு ஒருத்தன் கிடையாது டாக்டர்" என்றேன்.

நீ மெதுவாக, "மாமா, தாத்தா எதுல செத்தாரு?"

"அது... அது வேற. அவரு சொசைட்டி தேர்தல்ல தோத்த அதிர்ச்சி."

டாக்டரம்மா சிரித்துவிட்டு "ஹார்ட் அட்டாக்" என்று எழுதிக்கொண்டார். எக்கோ நன்றாக இருந்தது. கிருமி அண்டாத கண்ணாடி அறைக்குள் போனாய். மஜ்ஜை ஏறியது, பிடித்தது, ரத்தம் சுத்தமாக வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் நான் போன் போட்டு ஊருக்கே சொன்னேன்.

மூன்றாவது வாரம் உனக்கு மூச்சு வாங்கியது. மறுபடி எக்கோ. மருந்து நோயையும் அடித்திருக்கிறது, இருதயத்தையும் அடித்திருக்கிறது என்றார்கள். இருதயம் தண்ணீர் இறைக்கிற மோட்டார் மாதிரி, உனக்கு அது பாதி வேகத்தில் ஓடுகிறது, வேகம் குறைந்தால் உடம்பில் நீர் தேங்கும், அதனால் மாத்திரை, உப்புக் கம்மி, தண்ணீருக்கு அளவு என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். கூடவே ஒரு நோட்டு. தினம் காலையில் எடை பார்த்து எழுத வேண்டும். எடை நோட்டு என்றதும் கை நீட்டி வாங்கியது யார்? நான்தான். எடையில் எனக்குச் சொல்லித்தர ஆள் பிறக்கவில்லையே.

அந்த நர்ஸ் பெண் நன்றாகத்தான் சொன்னாள். "ஐயா, ஒரே நாள்ல ஒரு கிலோவோ, ஒரு வாரத்துல ரெண்டு கிலோவோ திடீர்னு ஏறினா அது சதை இல்ல, தண்ணி. உடனே எங்களைக் கூப்பிடணும்."

"சிஸ்டர், தண்ணி எடை பத்தி நீங்க எனக்குச் சொல்றீங்களா?" என்று ஆரம்பித்து, குறுவை நெல், சம்பா நெல், மழை நெல் என்று கால் மணி நேரம் அவளுக்குப் பாடம் எடுத்தேன். நீ கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். பாவம், அவளும் கேட்டுக்கொண்டாள்.

வீட்டில் முதல் நாள் எடை போட்டோம். சரியாக நாற்பது கிலோ. "மாமா, நான் ஒரு சிப்பம்" என்றாய். நாற்பது கிலோ நெல் மூட்டைக்குச் சிப்பம் என்று பேர், உனக்கு அது என்னால் தெரியும். நான் சிரித்தேன். உள்ளே போய் வாயைப் பொத்திக்கொண்டேன். ஐம்பத்தெட்டு கிலோ இருந்த பெண்.

ஒரு வாரம் போனது. நாற்பது. முப்பத்தொன்பது எண்ணூறு. மறுபடி நாற்பது. திங்கட்கிழமை நர்ஸ் போன் பண்ணி, "இன்னும் உடம்பு தேறலையா ஐயா? நல்லா சாப்பிட வைங்க" என்றாள். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்கு அது என் கஞ்சியைக் குறை சொன்ன மாதிரி இருந்தது. மாமன் பார்த்துக்கொண்டும் தேறவில்லை என்றால் மாமன் எதற்கு?

மறுநாள் நாற்பது இருந்தது. நோட்டில் நாற்பது நூறு என்று எழுதினேன்.

நூறு கிராம். ஒரு கைப்பிடி நெல். யாருக்கு என்ன நஷ்டம்? அடுத்த நாள் நாற்பது முந்நூறு. தினம் நூறு, நூற்றைம்பது. ஒரேயடியாக ஏற்றினால் நர்ஸ் பயந்துவிடுவாள் என்று எனக்குத் தெரியும். அதனால் சந்தேகம் வராத மாதிரி ஏற்றினேன். எடை போடுகிறவன் அல்லவா, எப்படி ஏற்றுவது என்பதும் தெரியும். இரண்டு வாரத்தில் நோட்டில் நீ நாற்பத்திரண்டு. எடை மிஷினில் அதே நாற்பது. போனில் அந்த நர்ஸ், "சூப்பர் ஐயா, இப்படித்தான் மெதுவா ஏறணும்" என்றாள். டீக்கடையில் போய் "என் கையால கஞ்சி குடிச்சு ரெண்டு கிலோ ஏறிட்டா" என்று சொன்னேன். எல்லோருக்கும் சந்தோஷம். எனக்குத்தான் அதிகம்.

நீ கண்டுபிடித்துவிட்டாய். உன்னிடம் எழுத்து தப்புமா?

"என்ன மாமா இது? நெல்லுக்கு ஈரத்துக்குன்னு சிப்பத்துக்கு ரெண்டு கிலோ கழிப்பாங்கன்னுதான் கேள்விப்பட்டிருக்கேன். எனக்கு மட்டும் ரெண்டு கிலோ கூட்டிட்டீங்களா?"

நான் பல்லைக் காட்டினேன். நீயும் சிரித்தாய். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, "திருத்திடுங்க மாமா. இது டீக்கடை இல்ல" என்றாய்.

"திங்கக்கிழமை சொல்லித் திருத்திடறேன் புள்ள."

நீ நம்பினாய். பிறந்த தேதியில் ஒரு நாளைக்கூட மாற்ற விடாதவள், என் வார்த்தையை மட்டும் ஏன் அப்படியே எடுத்துக்கொண்டாய்? அன்றைக்கு மட்டும் ஏன் நாலால் வகுக்கவில்லை?

அந்தத் திங்கட்கிழமை வருவதற்குள் எடை நிஜமாகவே ஏற ஆரம்பித்தது.

புதன்கிழமை முள் நகர்ந்ததைப் பார்த்து நான் கோயில் பக்கம் திரும்பிக் கும்பிட்டேன். வியாழன் இன்னும் ஏறியது. வெள்ளிக்கிழமை நீ, "கொலுசு இறுக்குது மாமா" என்றாய். "கால்ல சதை பிடிக்குதுடி, பெரிய கொலுசு வாங்குவோம்" என்றேன். ஒரு தலையணையில் படுத்தவள் இரண்டு கேட்டாய், அப்புறம் மூன்று. குளியலறைக்குப் போய் வர நடுவில் சுவரைப் பிடித்து நின்றாய். "போன் பண்ணணுமா மாமா?" என்று கேட்டாய். "எடை இறங்கினாத்தான் ஆஸ்பத்திரிக்குச் சொல்லணும். ஏறினா சாமிக்குச் சொல்லணும்" என்றேன். உன் அம்மா திருஷ்டி சுற்றிப் போட்டாள்.

மூட்டைக்குள் கையை விட்டால் நெல்லா தண்ணீரா என்று சொல்லிவிடுகிறவன். கண்ணெதிரில் உன் கால் வீங்கி நிற்கிறது. அந்த நர்ஸ் பெண் சொன்ன வார்த்தையும் காதில் இருக்கிறது. ஆனாலும் எனக்குத் தெரியவில்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள்? தெரிந்தது, ஆனால் தெரிந்துகொள்ள மனசு வரவில்லை. நான் சொன்ன பொய் பலித்துவிட்டது என்று அவ்வளவு ஆனந்தம்.

திங்கட்கிழமை காலையில் நர்ஸ் போன் பண்ணுவதற்குள் உனக்கு மூச்சு முட்டிவிட்டது. படுக்க முடியவில்லை. காரில் முன் சீட்டில் உன்னை நிமிர்த்தி உட்காரவைத்து, இங்கே காரைக்கால் ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்துக்கொண்டு, மஜ்ஜை மாற்றிய பெரிய ஆஸ்பத்திரிக்கு வடக்கே ஓட்டினோம். சீர்காழி தாண்டும்போது, "ஏதாவது சொல்லுங்க மாமா" என்றாய். மாம்பழம் பிடித்த கதையைச் சொன்னேன். இந்தத் தடவை இருபத்து நாலு பழம். நீ விரலை மடக்கினாய். ஆறு. வாய் பேசவில்லை, விரல் மட்டும்தான்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா நோட்டை வாங்கிப் பார்த்தார். "ஒரு வாரத்துல அரைக் கிலோதானே ஏறியிருக்கு. இவ்வளவு நீர் எப்படி?" என்று என்னைப் பார்த்தார். நிஜ எடை என் பொய்யை எட்டிப் பிடிக்கும்வரை நோட்டில் நாற்பத்திரண்டு என்றே எழுதியிருந்தேன், கடைசியில் நாற்பத்திரண்டரை. நான் அங்கே சொல்லியிருக்க வேண்டும். வாய் திறக்கவில்லை. வாழ்க்கையிலேயே உன் மாமன் வாய் திறக்காமல் நின்ற ஒரே இடம் அதுதான்.

மூன்று நாள் இருந்தாய்.

பிறகு டாக்டரம்மா உன் அம்மாவிடமும் என்னிடமும் பொறுமையாகப் பேசினார். மஜ்ஜை நன்றாகப் பிடித்திருந்தது, புற்று திரும்பவில்லை, மருந்தில் அடிபட்ட இருதயம்தான் தாங்கவில்லை என்றார். நான் ஒன்று கேட்டேன். "நாலு நாள் முன்னாடி கூட்டிட்டு வந்திருந்தா?"

"உறுதியாச் சொல்ல முடியாதுங்க. நீரை இறக்கப் பார்த்திருப்போம். ஒரு வாய்ப்பு இருந்திருக்கலாம். ஆனா உங்க நோட்டுலதான் எதுவும் காட்டலையே. உங்க மேல தப்பு இல்ல ஐயா."

அந்தக் கடைசி வார்த்தையை நான் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். ஒரு வருஷம் வைத்திருந்தேன்.

இதில் இன்னொன்று இருக்கிறது, அது இதைவிடக் கனம். எல்லாம் முடிந்து காரில் ஊர் திரும்பும்போது உன் அம்மா என் காதில் சொன்னாள். அந்த வெள்ளிக்கிழமை உனக்கு நாக்கே செத்துப்போய்விட்டது என்று நீ கெஞ்சியதால், மோர்சாதத்துக்கு உப்பு நார்த்தங்காய் ஒரு துண்டு கொடுத்தாளாம். டாக்டர் உப்பு ஆகாது என்றாரே, நானே என் கையால் கொடுத்துவிட்டேனே தம்பி, அதனால்தான் நீர் கோத்துக்கொண்டதா என்று கேட்டாள். நான் பேசாமல் இருந்தேன். உன்னை எரித்துவிட்டு வந்த நாளிலிருந்து உன் அம்மா உப்புச் சேர்த்துச் சாப்பிடுவதை விட்டுவிட்டாள். உப்பில்லாத சோறு, உப்பில்லாத குழம்பு. ஒரு வருஷம். நான் எதிரிலே உட்கார்ந்து உப்புப் போட்டுச் சாப்பிட்டேன். 'அக்கா, அது நீ கொடுத்த துண்டு இல்லை' என்று ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வரவில்லை. எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன் புனிதா. ஆனால் பேசாமல் சொன்ன இந்தப் பொய்தான் பெரிசு.

இருபத்தொரு நாள் முன்னால், காலை பத்து மணி. உன் அம்மா வாசலில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். ஓர் ஆட்டோ வந்து நின்றது. திருவேட்டக்குடியிலிருந்து செண்பகம் என்று ஒரு பெண். புருஷன் முருகையன், கடலுக்குப் போகிறவர். அவருக்கும் மஜ்ஜை மாற்றி இரண்டு மாதம். அவருக்கும் அந்த மருந்து இருதயத்தைக் கொஞ்சம் தொட்டிருக்கிறதாம், அவளுக்கும் ஒரு நோட்டு கொடுத்திருக்கிறார்கள்.

வரும்போதே முகமெல்லாம் சிரிப்பு. "அண்ணே, நீங்கதானே கலியமூர்த்தி அண்ணன்? பஸ்ஸுல உங்க ஊருக்காரவங்க சொன்னாங்க. உங்க மருமகளுக்கும் இப்படித்தான் கடகடன்னு எடை ஏறிச்சாமே, நீங்கதான் கஞ்சி வச்சுக் கொடுத்தீங்களாமே. எங்க வீட்டுக்காரரு அஞ்சு நாள்ல மூணு கிலோ ஏறிட்டாருண்ணே! இதே மாதிரி தேறிடுவாருல்ல?"

இறந்துபோனவளின் கதையில் அந்தப் பெண்ணுக்குக் காதில் விழுந்தது இரண்டு கிலோ மட்டும்தான். என் வாய் போட்ட இரண்டு கிலோ. அது பஸ் ஏறித் திருவேட்டக்குடி வரைக்கும் போயிருக்கிறது.

"அவரு எங்கம்மா?"

"ஆட்டோலதான் இருக்காரு. இறங்கினா மூச்சு வாங்குதுங்கறாரு. அது ஒண்ணுதான்."

போனேன். நல்ல ஆகிருதி, கடற்கறுப்பு. காலை நீட்டச் சொல்லி முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்தினேன். எடுத்தேன். குழி அப்படியே நின்றது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், அது மூடவே இல்லை.

"தம்பி, இது சதை இல்லப்பா. தண்ணி. இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க."

"போய்யா. மறுபடி அந்த ரூமுக்கா? கொஞ்ச நாளு வீட்டுல இருந்து இப்பத்தான் மனுசனாயிருக்கேன். எடை ஏறுதுன்னு சந்தோசமா சொல்ல வந்தா, படுக்கப் போங்குறீரு. நீர் என்ன டாக்டரா?"

"டாக்டர் இல்ல. நெல்லு நிறுக்கறவன்."

"பின்ன என்ன? உம்ம மருமவளுக்கு ஏறுனா சதை, எனக்கு ஏறுனா தண்ணியா?"

வாசலில் அரிவாள்மணைச் சத்தம் நின்றுவிட்டது. உன் அம்மா கேட்டுக்கொண்டிருக்கிறாள். திரும்பிப் பார்க்காமலே எனக்குத் தெரியும். ஏதாவது கதை கட்டி அவரை ஏற்றி அனுப்பிவிடலாமா என்று ஒரு நிமிஷம் பார்த்தேன். வாயில் கதைதானே எப்போதும் தயாராக இருக்கும்? அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. அவர் சரியான இடத்தில் கேட்டிருந்தார்.

சொன்னேன். "அவளுக்கு ஏறுனதும் தண்ணிதான். முதல்ல ஏறுன ரெண்டு கிலோ நான் பொய்யா எழுதினது. அதனால நிஜமா தண்ணி ஏறினப்போ நோட்டுல தெரியல. நர்ஸுக்குத் தெரியல, டாக்டருக்குத் தெரியல. என் மருமக அஞ்சு நாள் என் கண்ணு முன்னாடி முழுகினா, நான் சாமிக்குத் தேங்கா உடைச்சுக்கிட்டிருந்தேன். நீயும் முழுகிடாத தம்பி. கடல்ல போறவன், உனக்குத் தெரியாதா."

முருகையன் என்னையே பார்த்தார். செண்பகம் அழ ஆரம்பித்தாள். அவர்தான் அவளைப் பார்த்து, "அழுவாத, ஆஸ்பத்திரிக்குப் போனைப் போடு" என்றார்.

அவர்கள் போன பிறகு திரும்பினேன். உன் அம்மா கையில் செதிலோடு நின்றாள். ஒரே ஒரு கேள்வி.

"அப்ப நார்த்தங்காய்?"

"இல்லக்கா."

"ஒரு வருசம் பாத்துக்கிட்டிருந்தியேடா."

உள்ளே போனாள். அதுதான் அவள் என்னோடு பேசிய கடைசிப் பேச்சு.

நான் சும்மா இருக்கவில்லை. அவள் ஜாடியிலிருந்து ஒரு துண்டு நார்த்தங்காயை எடுத்துக்கொண்டு தங்கம் நிறுக்கிற கடைக்குப் போனேன். கடைக்காரர் என்னைப் பைத்தியம் என்று நினைத்தார். பதினொரு கிராம். பிறகு அந்த நர்ஸுக்குப் போன் பண்ணினேன். முதலில் நோட்டைப் பற்றிய நிஜத்தைச் சொன்னேன். அவள் தேதி தேதியாகக் கேட்டு எழுதிக்கொண்டாள். அப்புறம் இந்தப் பதினொரு கிராமைக் கேட்டேன். "ஒரு வேளை, ஒரு துண்டால இவ்வளவு ஆகாதுங்க ஐயா. அவங்க இருதயம் ஏற்கெனவே தளர்ந்திருந்தது. அம்மாகிட்ட சொல்லுங்க" என்றாள். அதுவுமில்லாமல் எடை ஏற ஆரம்பித்தது புதன்கிழமை, நார்த்தங்காய் கொடுத்தது வெள்ளிக்கிழமை. இதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி உன் அம்மா கதவடியில் தள்ளிவிட்டு வந்தேன்.

மறுநாளும் அவள் உப்பில்லாமல்தான் சாப்பிட்டாள்.

முருகையன் பிழைத்துக்கொண்டார். ஐந்து நாள் வைத்திருந்து நீரை இறக்கி அனுப்பினார்கள். இருதயம் பழையபடி ஆகுமா என்று இப்போது சொல்ல முடியாதாம், மாத்திரை தொடர்கிறது. தினம் காலையில் செண்பகம் முதலில் ஆஸ்பத்திரிக்கு எடையைச் சொல்லிவிட்டு அப்புறம் எனக்குச் சொல்கிறாள். நானும் ஒரு நோட்டில் எழுதிக்கொள்கிறேன். நேற்று, "இன்னிக்கு ஐம்பத்தாறு இருநூறுண்ணே, இருநூறை விட்டுடவா?" என்று கேட்டாள். "இருபது கிராமைக்கூட விடாதே" என்று அதட்டினேன். பேசுவது நீயா நானா என்று ஒரு கணம் எனக்கே குழப்பம்.

புனிதா, நீ திருத்தச் சொன்ன நோட்டை எடுத்து வைத்திருக்கிறேன். எந்த மூட்டை எந்தத் தேதியில் என்ன எடை என்று எனக்கு மறக்காது, இது பெருமைக்குச் சொன்னது இல்லை, சாபம் அது. பொய்யை எல்லாம் அடித்துவிட்டுப் பக்கத்தில் நிஜத்தை எழுதிவிட்டேன். கடைசி வாரத்தை நாளைக்கு எல்லோர் முன்னாலும் படிப்பேன்.

செவ்வாய், நாற்பது. புதன், நாற்பது ஐந்நூறு. வியாழன், நாற்பத்தொன்று. வெள்ளி, நாற்பத்தொன்று அறுநூறு. சனி, நாற்பத்திரண்டு நூறு. ஞாயிறு, நாற்பத்திரண்டு ஐந்நூறு. திங்கள் காலையில் உன்னால் மிஷினில் ஏறி நிற்க முடியவில்லை.

இதை நாலால் வகுக்காதே. இப்படியே வைத்துக்கொள்.

எழுதிக்கொண்டிருக்கும்போதே இப்போது செந்தில் வந்தான். "மாமா, அம்மா ஒண்ணு கேட்டுட்டு வரச் சொன்னாங்க."

"என்னடா?"

"நாளைக்கு அக்காவுக்குப் படையல்ல மோர்சாதம் வைக்கிறாங்களாம். தொட்டுக்க நார்த்தங்காய் வைக்கலாமான்னு உங்களைக் கேட்டுட்டு வரச் சொன்னாங்க."

கண்ணீரில் எழுத்து மறைந்தது. துடைத்துக்கொண்டு, வைக்கச் சொல்லடா என்றேன். எத்தனை துண்டு என்று கேட்டான்.

ஒன்று என்றேன்.

அவள் என்னோடு பேசுவாளா, தெரியவில்லை. படையல் முடிந்ததும் அந்த இலையில் உட்கார்ந்து, அந்தத் துண்டை அவள் வாயில் வைத்தால் போதும். எனக்கென்று தனியாக ஒன்றும் கேட்கவில்லை.

உனக்கு நான் கொடுக்கிற வாக்கு இது: மாம்பழத்துக்கும் கட்டுரைப் பரிசுக்கும் உன் மாமன் பழையபடிதான் இருப்பான், அதை நீ வகுத்துக்கொள். ஆனால் ஒரு மனுஷ உடம்பைப் பற்றி யார் வந்து கேட்டாலும், முள் எங்கே நிற்கிறதோ அங்கேதான் என் நாக்கும் நிற்கும்.

இப்படிக்கு,
ஒரு சிப்பம் எடையுள்ள உன்னைத் தூக்கிச் சுமந்தும் கனம் தெரியாமல் போன உன் தாய்மாமன்,
கலியமூர்த்தி